‘ஹே’ என்றால் வைக்கோலா? ஆங்கிலத்தின் வயல்காட்டுச் சொற்கள்

முல்லைக்கொடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்து விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருவர் எழுதிய நினைவுக்குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்கு இரண்டு மரபுத்தொடராவது வருகிறது, எல்லாம் வயலிலும் தொழுவத்திலும் பிறந்தவை. முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

‘மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்’ என்று ஓரிடத்தில் வந்தது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கையோடு ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று போட்டுவிட்டேன். பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். “அடுத்த பத்தியில் அந்தக் குடும்பம் நிஜமாகவே ஹே காயப்போடுகிறது. நீங்கள் இங்கே நெல் தூற்றினால் எப்படி?” என்று கேட்டார். நியாயம்தான். ‘வெயில் அடிக்கும்போதே வைக்கோலைக் காயவை’ என்று மாற்றினேன்.

அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஐம்பது வருடம் நெல் போட்டவர். “நெல்லுதான் வீட்டுக்கு வந்துடுச்சே, அப்புறம் வைக்கோலுக்கு எதுக்கும்மா இந்தப் பறப்பு?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களில் யாராவது சொல்லுங்கள்.

டெவன்வாசி எழுதியது:

உங்கள் அப்பா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். ஹே என்பது வைக்கோலே அல்ல.

நான் இங்கே இங்கிலாந்தில் டெவன் கிராமத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன், நர்ஸ் வேலை. எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப்பக்கம் புல்வெளி. அங்கே புல்தான் பயிர். ஜூன், ஜூலையில் பூ எடுக்கிற நேரம் பார்த்து அறுத்து, வயலிலேயே பரப்பிவிடுவார்கள். அதைக் கிளறிப் புரட்டிப்போட டிராக்டருக்குப் பின்னால் பூட்டுகிற ஒரு கருவி இருக்கிறது, சுழலுகிற முள்கரண்டிகள் மாதிரி. தினமும் ஒருமுறையாவது புரட்டினால்தான் அடிப்புல் காயும். மூன்று நான்கு நாள் விடாமல் வெயில் வேண்டும். இங்கே நாலு நாள் சேர்ந்தாற்போல வெயில் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வந்து பார்த்தால்தான் தெரியும்! அறுத்துப்போட்ட புல்மேல் மழை பெய்தால் சத்தெல்லாம் கரைந்துபோய் வெறும் சக்கைதான் மிஞ்சும்.

சரி, ஈரத்தோடு கட்டிவைத்துவிடலாம் என்றால் அது அதைவிட ஆபத்து. கட்டுக்குள் புழுங்கிச் சூடேறும். 70 டிகிரிக்கு மேல் போனால் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளக்கூடும். சந்தேகம் வந்தால் நீளமான கம்பி போன்ற வெப்பமானியைப் புல் போருக்குள் செருகிப் பார்ப்பார்கள். பின்வீட்டுப் பெரியவர் அந்த வாரத்தில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். வானிலை அறிக்கை கேட்பார், வானத்தைப் பார்ப்பார், திட்டுவார்.

குளிர்காலத்தில் பல மாதம் புல் சரியாக வளராது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்த மாதங்களின் சாப்பாடே இதுதான். அதனால்தான் இந்தப் பறப்பு.

கல்லூரிச்சாலை எழுதியது:

இவ்வளவு எதுக்கு அக்கா, ஒரு அடிக்குறிப்பு போட்டால் முடிந்தது.

ஏர்முனை எழுதியது:

தம்பி, பக்கத்துக்கு இரண்டு மரபுத்தொடர் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு போட்டால் களையைவிடப் பயிர் குறைவாகிவிடும்.

வேளாண்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. கதிரடித்தபின் மிஞ்சும் தாள் ‘ஸ்ட்ரா’, அதுதான் நம் வைக்கோல். தீவனத்துக்கென்றே வளர்த்து, பச்சையாய் அறுத்து, காயவைப்பது ‘ஹே’. தமிழில் உலர்புல் என்று சொல்லலாம். சத்திலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட குளிர்காலம் கிடையாது, காய்ந்த புல்லைக் காட்டிலேயே மேயவிடுகிறோம். காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் நின்றபடியே காய்ந்திருக்கும், மாடு அதையே மேயும். அறுத்து வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் அதற்கென்று ஊரறிந்த தனிச்சொல்லும் இல்லை.

ஆனால் உங்கள் முதல் மொழிபெயர்ப்பை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள். ஆங்கிலேயனுக்கு மழை பயம். நமக்குக் களத்தில் நெல்லும் பதருமாகக் கொட்டிக்கிடக்கும்போது காற்று நின்றுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரண்டு பழமொழிக்கும் உள்ளே இருக்கிற படபடப்பு ஒன்றே.

இன்னொரு எச்சரிக்கை. அந்தப் புத்தகத்தில் ‘கார்ன்’ என்று வந்தால் மக்காச்சோளம் என்று போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில்தான் அது மக்காச்சோளம். பழைய இங்கிலாந்து வழக்கில் அந்தந்த வட்டாரத்தின் முக்கியத் தானியம் எதுவோ அதுவே கார்ன், பெரும்பாலும் கோதுமை. 1815 முதல் 1846 வரை அங்கே இருந்த தானிய இறக்குமதிச் சட்டங்களை ‘கார்ன் லாஸ்’ என்பார்கள். அதைச் ‘சோளச் சட்டங்கள்’ என்று போட்ட பாடப்புத்தகத்தை நானே பார்த்திருக்கிறேன்.

முல்லைக்கொடி எழுதியது:

ஐயோ ஐயா, மூன்றாம் அத்தியாயத்தில் ‘ஈட்டிங் த சீட் கார்ன்’ என்பதை ‘விதைச் சோளத்தைத் தின்பது’ என்று எழுதி அனுப்பியே விட்டேன்! நம் ‘விதைநெல்லைக் குத்தித் தின்பது’ கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. நெல் என்று போட்டால் இங்கிலாந்தில் நெல் எங்கே வந்தது என்பார்கள். ‘விதைத்தானியம்’ என்று திருத்திவிடுகிறேன்.

அடுத்த சந்தேகம். தானமாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்கிறார்களே, அது நம் பழமொழியைப் பார்த்துச் செய்ததா, நாம் அதைப் பார்த்துச் செய்ததா?

மாட்டாஸ்பத்திரி எழுதியது:

யாரும் யாரையும் பார்த்துச் செய்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வாயைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வது இரண்டு ஊரிலும் உள்ள வேலை. ஆனால் பார்க்கிற முறை வேறு, அதைச் சொல்கிறேன்.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. கீழே எட்டு. பால்பல் விழுந்து நிரந்தரப் பல் ஜோடி ஜோடியாக முளைக்கும். சுமார் இரண்டு வயதில் முதல் ஜோடி. சந்தையில் ‘பல்லு போடாதது’, ‘ரெண்டு பல்லு’, ‘நாலு பல்லு’, ‘ஆறு பல்லு’ என்றுதான் வயதைச் சொல்வார்கள், வருடக்கணக்கு யாரும் பேசமாட்டார்கள். எட்டும் போட்டுவிட்டால் அதற்கப்புறம் தேய்மானத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். விற்கிறவன் ஆறு பல் என்பான், வாங்குகிறவன் உதட்டைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வாலுக்குப் போய்விடுவான். அந்த மௌனத்திலேயே ஆயிரம் ரூபாய் இறங்கிவிடும்.

குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு. வயதாக ஆக ஈறு உள்வாங்கி, பல் முன்னால் சாய்ந்து, நீளமாகத் தெரியும். ஆங்கிலத்தில் வயதானவரை ‘லாங் இன் த டூத்’ என்பது இதனால்தான். மேல்தாடைக் கடைசி முன்பல்லில் ஒரு பழுப்புப் பள்ளம் சுமார் பத்து வயதில் ஈறோரம் தலைகாட்டும், பதினைந்தில் பாதி இறங்கும், இருபதில் அடிவரை வந்துவிடும். கால்வெய்ன் பள்ளம் என்று பெயர். துல்லியம் என்று சத்தியம் செய்யமுடியாது, குத்துமதிப்புக்கு உதவும்.

இலவசமாகக் கொடுத்தவன் கண்ணெதிரே இந்தச் சோதனையெல்லாம் செய்தால் அவனுக்கு எப்படியிருக்கும்? ‘தானத்து மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்று நம் கிழவிகள் சொன்னதும் அதே கூச்சத்தினால்தான்.

சொல்வேட்டை எழுதியது:

கூடுதல் தகவல். ஹே பழமொழி, குதிரைப் பழமொழி இரண்டும் ஜான் ஹேவுட் 1546-இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இருக்கின்றன. குதிரை அதற்கும் வெகு முந்தியது. 4ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் லத்தீனில் எழுதும்போதே ‘ஊரில் சொல்கிற பழமொழிப்படி’ என்றுதான் அதை எடுத்தாளுகிறார். ஆகவே அது ஆங்கிலச் சொத்துமல்ல.

குதிரை என்றதும் எனக்கு நீண்டநாள் எரிச்சல் ஒன்று. சட்டசபையில் ஆட்சி ஆட்டம் கண்டால் நம் பத்திரிகைகள் ‘குதிரை பேரம்’ என்று தலைப்புப் போடுகின்றன. ஆங்கில ‘ஹார்ஸ் டிரேடிங்’கின் நேர் பெயர்ப்பு. அங்கே குதிரைத் தரகர்கள் பேர்போன புரட்டர்கள், கிழட்டுக் குதிரையின் பல்லை அரத்தால் ராவி வயதைக் குறைத்து விற்றவர்கள் உண்டு. அந்த வசவு அங்கே பொருந்தும். நம்மூரில் குதிரைச் சந்தைக்குப் போனவர் எத்தனை பேர்? மாட்டுத் தரகு என்றால் ஒரு நொடியில் விளங்குமே!

சந்தைப்பேட்டை எழுதியது:

விளங்கும் சார், ஆனால் தரகர்கள் சண்டைக்கு வருவார்கள். என் தாத்தா மணப்பாறைச் சந்தையில் தரகு பார்த்தவர். துண்டை மேலே போட்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பது பிடிக்கிற இருவருக்கு மட்டும் தெரியும். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை வெளியே வராது. ஊரே பார்க்க நடக்கிற ரகசியம்.

யோசித்துப் பார்த்தால் சட்டசபைக்கு இதுதான் கச்சிதமாகப் பொருந்துகிறது. துண்டும் இருக்கிறது.

கல்லூரிச்சாலை எழுதியது:

துண்டு 😂😂

சரி, என் பங்குக்கு ஒன்று. கொட்டுகிற மழையை ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பது எப்படி வந்தது தெரியுமா? அந்தக் காலத்தில் வீடுகளுக்கு ஓலைக்கூரை. குளிருக்குப் பூனையும் நாயும் கூரையில் படுத்திருக்கும். மழை பெய்தால் வழுக்கிக் கீழே விழும். அப்புறம் தரையில் பரப்பிய வைக்கோல் வெளியே போகாமல் இருக்க வாசலில் வைத்த கட்டைக்குத்தான் ‘த்ரெஷ்ஹோல்ட்’ என்று பெயர். எங்கள் ஆங்கிலப் பேராசிரியரே குழுவில் பகிர்ந்தார்.

சொல்வேட்டை எழுதியது:

இந்த இரண்டும் 1999-இல் மின்னஞ்சலில் சுற்றத் தொடங்கிய புரளி, தம்பி. ‘1500களில் வாழ்க்கை’ என்ற தலைப்பில் வந்தது. இன்னும் சாகவில்லை. வேய்ந்த கூரையைத் தொட்டுப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார்கள். கோரையையோ கோதுமைத்தாளையோ அடி கனத்துக்கு இறுக்கிக் கட்டியிருப்பார்கள், எலி புகுவதே கஷ்டம், நாய் எங்கே படுக்கும்?

வாசற்படிச் சொல் பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. முதல் பாதிக்கும் கதிரடிக்கிற ‘த்ரெஷ்’ வினைக்கும் உறவு உண்டு, காலால் மிதிப்பது என்ற அடிப்பொருளில். பிணையல் மாடு களத்தில் சுற்றிவருவதைப் பார்த்தவருக்குக் கதிரடிப்பும் மிதிப்பும் ஒன்றாக இருந்ததில் ஆச்சரியம் இருக்காது. பின்பாதி ‘ஹோல்ட்’ அல்ல.

வயல் வாசனை அடிக்கும் போலிகள் இன்னும் உண்டு. உச்சக்காலத்தைச் சொல்லும் ‘ஹேடே’வில் உலர்புல் இல்லை, அது மகிழ்ச்சிக் கூச்சலிலிருந்து வந்தது. கொண்டாட்டமான நாளைச் சொல்லும் ‘ஃபீல்ட் டே’யில் வயல் இல்லை, அது பட்டாளத்தின் அணிவகுப்பு நாள். மாறாக, வயலே தெரியாத சொல்லில் வயல் இருக்கும். ‘ப்ராட்காஸ்ட்’ என்றால் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கையால் விதை வீசுவது, வானொலி வந்தபின் 1920களில் ஒலிபரப்புக்கு மாறியது. ஜன்னி கண்டு பிதற்றுவதற்கான ‘டெலிரியம்’ லத்தீனில் உழுகிறபோது ஏர் கீறுகிற சால் தடத்தைவிட்டு விலகுவது.

ஏர்முனை எழுதியது:

சால் விலகியவன் பித்தன்! எங்கள் ஊரில் சால் கோணினால் பின்னால் வருகிற ஏர்க்காரன் உடனே ஒரு வார்த்தை சொல்வான், அதை இங்கே எழுத முடியாது.

டெவன்வாசி எழுதியது:

சிரித்துவிட்டேன் ஐயா. இரவு டியூட்டி முடிந்து வந்து படிக்கிறேன், விட்ட இடத்திலிருந்து ஆடுகளைப் பற்றிக் கொஞ்சம்.

‘உல்கேதரிங்’ என்று ஒரு சொல், கவனம் எங்கோ போய்விட்டவரைச் சொல்வது. இங்கே நடைக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். செம்மறிகள் உரசிப்போன முள்வேலியிலும் புதர்களிலும் பஞ்சு மாதிரி துணுக்குத் துணுக்காய்க் கம்பளி ஒட்டிக்கொண்டிருக்கும். ஏழைகள் ஒரு காலத்தில் அதைப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். வேலிவேலியாக, நேர்வழி இல்லாமல், அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று அலைய வேண்டும். என் மகள் கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருப்பது அப்படித்தான். இப்போது யாரும் பொறுக்குவதில்லை. ஆட்டின் மேலிருந்து முழுசாகக் கத்தரித்தாலே கத்தரித்த கூலிக்குப் பல சமயம் கட்டாது என்று புலம்புகிறார்கள்.

அப்புறம் ‘பெல்வெதர்’. பங்குச்சந்தைச் செய்தியில் தினமும் வரும். வானிலையோடு சம்பந்தம் இல்லை. வெதர் என்றால் காயடித்த கிடா. அதன் கழுத்தில் மணியைக் கட்டி முன்னால் விட்டால் மந்தை பின்னால் போகும். இங்கே இப்போது நாயும் நாலுசக்கர பைக்கும்தான், மணி கட்டின கிடாவை நான் பார்த்ததில்லை. சந்தையையே வழிநடத்தும் பெரிய கம்பெனி என்று பெருமையாக எழுதுகிறவர்கள் இந்தக் காயடிப்பு விவரத்தைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

ஏர்முனை எழுதியது:

நம்மிடம் அதற்கு ‘முன்னத்தி ஏர்’ இருக்கிறதே! பல ஏர் சேர்ந்து உழும்போது முதலில் சால் பிடிக்கிறவன். அவன் கண்ணும் கையும் நேராக இருந்தால்தான் பின்னால் வருகிற எல்லா ஏரும் நேராகும், அதனால் ஊரில் நல்ல உழவனைத்தான் முன்னால் விடுவார்கள். மணி கட்டின கிடாவுக்கு எங்கே போகிறோம் என்றே தெரியாது. மந்தைக்கும் தெரியாது. ஒன்று மரியாதை, மற்றது கேலிக்குப் பக்கத்தில் நிற்பது. ஒன்றுக்கு ஒன்றைப் போடும்முன் யோசிக்க வேண்டும்.

கறுப்பு ஆடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசில் ரொம்ப நாளாக இருக்கிறது. அங்கே வெள்ளைக் கம்பளிக்குத்தான் சாயம் ஏறும், கறுப்பில் ஏறாது. அதனால் மந்தையில் கறுப்புக்குட்டி விழுந்தால் நஷ்டம். குடும்பத்துக்கு ஆகாதவன் என்ற பொருள் அதிலிருந்து. நாம் அதை வாங்கி, ‘துறைக்குள் இருக்கும் கறுப்பு ஆடுகள்’ என்று உளவு சொல்லும் துரோகிக்கு ஆக்கிவிட்டோம். வாங்கியதும் தப்பு, மாற்றியதும் தப்பு. ‘திருச்சி கறுப்பு’ என்று ஒரு செம்மறி இனமே நமக்கு உண்டு, உடம்பெல்லாம் கறுப்பு. நம் கருங்கம்பளிக்குச் சாயம் எதற்கு? கிடாவெட்டுக்குப் போனால் கறுப்புக் கிடாவுக்குத் தனி விலை. நம் ஆட்டுக்காரனிடம் கறுப்பு ஆடு என்றால் கேவலம் என்று சொல்லிப் பாருங்கள்.

வேதவாக்கு எழுதியது:

இதே வரிசையில் ‘ஸ்கேப்கோட்’. 1530-இல் வில்லியம் டிண்டேல் பைபிளின் லேவியராகமத்தை மொழிபெயர்க்கும்போது உருவாக்கிய சொல். அந்தச் சடங்கில் இரண்டு ஆட்டுக்கடா. சீட்டுப்போட்டு ஒன்றைப் பலியிடுவார்கள், மற்றதன் தலையில் ஜனங்களின் பாவத்தையெல்லாம் ஏற்றி வனாந்தரத்தில் விட்டுவிடுவார்கள். இந்த இரண்டாவதுதான் ஸ்கேப்கோட், உயிரோடு போகிற ஆடு. நாம் எல்லா இடத்திலும் ‘பலிகடா’ என்கிறோம், அது முதல் ஆடு! தமிழ் வேதாகமத்தில் ‘போக்காடு’ என்று அழகாக இருக்கிறது. யாரும் எடுத்துப் புழங்கவில்லை.

முல்லைக்கொடி எழுதியது:

போக்காடு... என்ன ஒரு சொல். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் நினைவுக்கு வருகிறார், எல்லாப் பழியையும் ஏற்றி வேறு ஊருக்கு மாற்றினார்கள். பலியாகவில்லை, போக்காடுதான்.

‘த லாஸ்ட் ஸ்ட்ரா’வுக்கு என்ன செய்யலாம்? இங்கே ஸ்ட்ரா நிஜமாகவே வைக்கோல்தானே?

வேதவாக்கு எழுதியது:

ஆமாம், ஒட்டகத்தின் முதுகை ஒடித்த கடைசித் துரும்பு. நம்மிடம் வண்டி: ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்’. குறள் 475. மயிலிறகுக்கு அச்சே முறிகிறது.

கல்லூரிச்சாலை எழுதியது:

குறள் தெரியும், ஆனால் பேச்சில் யார் ‘பீலிபெய்’ என்கிறார்கள்? ‘பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள், அன்றைக்கு அது போதுமாகிவிட்டது’ என்றால் முடிந்தது அக்கா.

சொல்வேட்டை எழுதியது:

முதன்முறையாகத் தம்பியோடு ஒத்துப்போகிறேன்.

மாட்டாஸ்பத்திரி எழுதியது:

ஹேவுக்கே திரும்ப வருகிறேன், ஏர்முனை ஐயாவோடு ஒரு சின்ன மறுப்பு. நம்மிடம் அந்த வேலை இல்லை என்பது முழுக்கச் சரியில்லை. கொங்குப் பக்கம் சோளத்தை நெருக்கி விதைத்து, தட்டுக்காகவே, அதாவது தண்டுக்காகவே, அறுத்து, காட்டிலேயே காயப்போட்டு, கட்டி, போர் போடுகிறார்கள். கோடை முழுக்க மாட்டுக்கு அதுதான். காய்கிற சமயத்தில் ஒரு மழை விழுந்தால் தட்டு கறுத்துவிடும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடும். மேற்கே இடி முழங்கினால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும், விருந்தாளி உட்படக் காட்டுக்கு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். டெவன் பெரியவரின் திட்டு இங்கேயும் உண்டு, கொஞ்சம் வேறு வார்த்தைகளில்.

ஏர்முனை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் டாக்டர். தஞ்சாவூர்க்காரன் புத்தி, நெல்லைத் தாண்டிப் போகவில்லை.

முல்லைக்கொடி எழுதியது:

டாக்டர் சொன்னதை அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அதைச் சொல்லு, இப்ப புரியுது” என்றார். பிறகு என் திருத்தத்தைக் காட்டினேன்: ‘வெயில் இருக்கும்போதே உலர்புல்லைச் சேர்’.

“உலர்புல்லா? ஆபீசர் பேசற மாதிரி இருக்கு” என்றார். ஏர்முனை ஐயா மன்னிக்கவும்.

கடைசியில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘வெயில் இருக்கும்போதே புல்லைக் காயப்போட்டு எடு என்பாள் அம்மா.’ அடுத்த பத்தியில் அவர்கள் புரட்டிப்போடுகிற காட்சி வருவதால் புல் எதற்கு, ஏன் என்று வாசகருக்குத் தானாகவே தெரிந்துவிடும். பதிப்பாசிரியரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

ஏர்முனை எழுதியது:

முப்பத்திரண்டு வருடம் ஆபீசராக இருந்தவன் வேறெப்படிப் பேசுவான்? அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ‘புல்’ போதும்.

டெவன்வாசி எழுதியது:

இந்த வாரம் பின்வீட்டுக்காரர் அறுத்துப்போட்டிருக்கிறார். நாளை மறுநாள் மழை என்கிறது வானிலை அறிக்கை. நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.